இல்லை என்று எழுதிவைத்தல்: பழைய விளையாட்டு எந்திரங்களும் கோலார் தங்கவயலின் ஆய்வகமும்

பழைய வீடியோ விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடவைக்கும் எமுலேஷன் அமைப்பை நிறுவுவோர் பெரும்பாலும் ஒருமுறையேனும் ஒரு சிக்கலைச் சந்திப்பர். எல்லாம் ஒழுங்காக நிறுவப்பட்டிருக்கும். மெனுவைத் திறந்தால் எதிர்பார்த்த எந்திரங்களில் சில மட்டுமே தெரியும். நிண்டெண்டோ இருக்கும்; சேகா இருக்காது. பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த எந்திரம் பட்டியலில் இல்லை என்பதற்கு மேல் வேறு எந்தத் தகவலும் கிடைக்காது.

பழகியவர்கள் இதை ஒரு வரிசைப்படி ஆராய்வர். முதலில் பட்டியல்: எந்திரங்களை மெனுவில் காட்டும் நிரல், காலியான கோப்புறையைக் கண்டால் அதற்குரிய எந்திரத்தையே மறைத்துவிடுகிறதா? அடுத்து ரோம் கோப்பு: விளையாட்டுச் சில்லிலிருந்து படியெடுத்த தரவு முழுமையானதா, சரியான பதிப்பா? மூன்றாவது பயாஸ்: எந்திரத்துக்குள்ளேயே பதிந்திருந்த தொடக்க நிரல் கையில் இருக்கிறதா? கடைசியாகக் கோர்: அந்த எந்திரத்தின் நடத்தையை மறுபடி நிகழ்த்தும் நிரலை யாரேனும் எழுதியிருக்கிறார்களா? நான்கில் எது குறைந்தாலும் திரையில் விளைவு ஒன்றே. ஆனால் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு.

வரலாற்று ஆய்வாளர்களுக்கு இந்த வரிசை அந்நியமானதன்று. ஆவணத்தில் ஒன்று இல்லை என்பதற்கும், அது நிகழவே இல்லை என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் அவர்களின் வேலை நடக்கிறது. கணினி விளையாட்டுகளைப் பாதுகாப்போர் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த இடைவெளியைக் கையாள உருவாக்கிக்கொண்ட ஒழுங்குகள், விளையாட்டுக்கு வெளியேயும் பயன்படக்கூடியவை. அதைச் சோதித்துப் பார்க்கத் தென்னிந்தியாவில் பொருத்தமான இடம் கோலார் தங்கவயல். அங்கே பூமிக்கு அடியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இயங்கிய ஓர் அறிவியல் ஆய்வகம் இன்று முற்றிலும் காணாமற்போன ஒரு ‘சிஸ்டம்’.

மறைந்த ஆய்வகம்

கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் நவீனச் சுரங்கத் தொழில் வேரூன்றியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பிகளின் வழியே காவிரியின் மின்சாரம் அங்கே வந்தது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது.

இந்த ஆழம் இயற்பியலாளர்களை ஈர்த்தது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது உண்டாகும் மியூவான்கள் பூமியைத் துளைத்துக் கீழே இறங்கும். எவ்வளவு ஆழம்வரை இறங்கும் என்பதை அளக்க, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபாவின் வழிகாட்டலில் பணியாற்றிய பி. வி. ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்தில் தங்கவயலுக்கு வந்தார். 1960-களின் தொடக்கத்தில் எம். ஜி. கே. மேனன், வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி, ஜப்பானின் எஸ். மியாகே ஆகியோர் உள்ளிட்ட குழு இன்னும் ஆழமாக இறங்கியது. 2,760 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் கருவிகளை இயக்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. இந்த ‘ஒன்றுமில்லை’ ஒரு பெரிய கண்டடைவு. மியூவான்களின் இரைச்சல் அடங்கிய இடத்தில்தான் நியூட்ரினோக்கள் மிக அரிதாக உண்டாக்கும் தடங்களைத் தேட முடியும்.

அடுத்த கட்டத்தில் டாடா நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இணைந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தன. சிண்டிலேட்டர் சுவர்களும், அவற்றுக்கிடையே நியான் ஒளிர்குழாய் அடுக்குகளும், துகள் கடக்கும் கணத்தில் ஒளிர்வைப் படம்பிடிக்கும் கேமராக்களும் அவற்றில் இருந்தன. 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடம் அங்கே பதிவானது. 1980-களில் அதே ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்பும் ஏறத்தாழ 1,600 விகித எண்ணிகளும் கொண்ட மற்றொரு கருவி, புரோட்டான் சிதைவைத் தேடியது. 1990-களின் தொடக்கத்தில், ஆழச் சுரங்கங்கள் மூடப்பட்டுவந்த சூழலில், ஆய்வு முடிவுக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்களே மூடப்பட்டன. ஆழத் தளங்களில் நீர் நிறைந்துவிட்டது.

இந்த ஆய்வகத்தில் சரியாக எது காணாமற்போனது? அந்த நான்கு கேள்விகளையும் இங்கே வரிசையாகக் கேட்டுப்பார்க்கலாம்.

பட்டியல்

ரெட்ரோபை போன்ற அமைப்புகளில் மெனுவைக் காட்டும் எமுலேஷன்ஸ்டேஷன் என்ற நிரலுக்கு ஓர் இயல்பு உண்டு. ஓர் எந்திரத்துக்கான கோப்புறையில், அது அறிந்த நீட்டிப்புடைய கோப்பு ஒன்றாவது இருந்தால்தான் அந்த எந்திரத்தைக் காட்டும். கோப்புறை காலியாக இருந்தாலோ, கோப்பின் நீட்டிப்பு நிரலின் பட்டியலில் இல்லாவிட்டாலோ, எந்திரம் திரையில் தோன்றாது. பயனருக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் ‘இல்லாததைக் காட்டாதே’ என்ற விதி, இல்லாமையையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

தங்கவயலின் ஆய்வகம் முதலில் தவறுவது இந்த நிலையில்தான். 2018 டிசம்பரில் ஒரு கன்னடத் திரைப்படம் வெளிவந்த பிறகு, ‘கேஜிஎஃப்’ என்ற மூன்றெழுத்தைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்தப் படம்தான். ஊரின் பெயரிலேயே வேறொன்று அமர்ந்துகொண்டது.

அறிவியல் வரலாற்றின் பட்டியலிலும் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. வளிமண்டல நியூட்ரினோவை முதலில் கண்டது யார் என்ற கேள்விக்கு ஒரே பெயரை விடையாக எழுத முடியாது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் பிரெடெரிக் ரைன்ஸ் குழுவின் கருவி 1965 பிப்ரவரி 23 அன்றே ஒரு நிகழ்வைப் பதிவுசெய்துவிட்டது. ஆனால் அச்சில் முதலில் வந்தது கோலார் குழுவின் கட்டுரை. ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில் அது வெளியானது. ரைன்ஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்ட் 30-இல் வந்தது. நிகழ்வின் தேதியை நீட்டிப்பாக ஏற்கும் பட்டியலில் ஒருவர் முன்னே நிற்பார். வெளியீட்டின் தேதியை ஏற்கும் பட்டியலில் மற்றவர் முன்னே நிற்பார். ‘முதல்’ என்ற ஒற்றை இடத்தை மட்டும் வைத்திருக்கும் பட்டியலில் இருவரில் ஒருவர் மறைந்தே தீர வேண்டும்.

இந்தியக் கணினி வரலாற்றுக்கும் இது பொருந்தும். டாடா நிறுவனத்தில் ஆர். நரசிம்மனின் தலைமையில் உருவாகி 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக், 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களைக் காந்த வளைய நினைவகத்தில் வைத்திருந்த எந்திரம். அதற்கு 1962-இல் பெயர் சூட்டியவர் நேரு. பழைய கணினிகளை மறுபடி இயக்கும் சிம்எச் தொகுப்பில் பி.டி.பி., வாக்ஸ், ஐபிஎம் குடும்பங்கள் இருக்கின்றன; டிஃப்ராக் இல்லை. அந்தத் தொகுப்பின் மெனுவிலிருந்து கணினி வரலாற்றைக் கற்கும் மாணவருக்கு அப்படி ஓர் எந்திரம் இருந்ததாகவே தெரியாது.

கோப்பு

பட்டியலைச் சரிசெய்த பிறகும் எந்திரம் ஓடாவிட்டால் கோப்பைச் சோதிக்க வேண்டும். நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட மேம் என்ற எமுலேட்டர், விளையாட்டுக்கூடங்களில் இருந்த எந்திரங்களின் ஒவ்வொரு சில்லையும் பெயர், அளவு, சிஆர்சி, ஷா-1 ஆகிய சரிபார்ப்பு எண்களுடன் பதிவுசெய்கிறது. ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். மேலும், ஒரு சில்லின் துல்லியமான படி பிற்பாடு கிடைத்தால் மேம் தன் பதிவை மாற்றிக்கொள்கிறது. அதனால் பழைய பதிப்புக்குச் சரியாக இருந்த கோப்பு புதிய பதிப்பில் ஓடாமற்போகலாம். பயனர்கள் இதைத் தொல்லை என்பர். சுவடிப் பதிப்பை அறிந்தவர்களுக்கு இது பாடபேதத்தைக் கையாளும் முறை. புதிய சுவடி கிடைக்கும்போது முந்தைய பதிப்பின் பாடத்தைத் திருத்துவது உ. வே. சாமிநாதையர் காலத்திலிருந்து தமிழுலகம் பழகிய நெறியே.

மேம் பதிவில் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. ஓர் எந்திரத்தில் இருந்ததாக உறுதியாகத் தெரிந்து, ஆனால் இதுவரை எவரும் படியெடுக்காத சில்லுக்கும் அதில் இடம் உண்டு. அதன் பெயர் எழுதப்பட்டு, எதிரே ‘நல்ல படி கிடைக்கவில்லை’ என்று குறிக்கப்படும். எமுலேஷன்ஸ்டேஷன் காலியிடத்தை மறைக்கிறது. மேம் காலியிடத்துக்குப் பெயரிட்டுக் காத்திருக்கிறது. இரண்டும் பட்டியல்களே. ஆயினும் இரண்டின் அறமும் ஒன்றன்று.

தமிழில் இந்த இரண்டாவது அறத்துக்கு மதிப்புமிக்க முன்மாதிரி இருக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ கையில் இல்லாத நூல்களின் பட்டியல். உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும் அந்நூல்களின் இருப்பை அவர் நிறுவினார். நூல் இல்லை, நூல் இருந்தது என்பதற்கான சான்று இருக்கிறது. அச்சான்றையே ஆவணமாக்கினார்.

கோலார் ஆய்வகத்தின் ‘கோப்பு’ என்பது ஒளிர்குழாய்களின் தடங்களும் எண்ணிகளின் பதிவுகளும். அவற்றில் முக்கியமானவை கட்டுரைகளில் கோணம், ஆழம், தேதி ஆகியவற்றுடன் அச்சாகியுள்ளன. ஜப்பானில் 1995 முதல் 2000 வரை செயற்கைக்கோள் வழியே விளையாட்டுகளை ஒளிபரப்பிய நிண்டெண்டோவின் சேட்டலாவியூ சேவையோடு இதை ஒப்பிடலாம். அந்தச் சேவை நின்றபோது ஒளிபரப்பும் நின்றது. பயனர்களின் நினைவகப் பொதிகளில் தற்செயலாக அழியாமல் எஞ்சியிருந்தவையே பிற்பாடு படியெடுக்கப்பட்டன. தற்செயலை நம்பியிருந்த அந்த விளையாட்டுகளைவிடக் கோலாரின் தடங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆய்விதழ் என்ற பழைய நிறுவனம் அவற்றைக் காத்தது. ஆனால் கட்டுரையில் அச்சாவது தேர்ந்தெடுத்த நிகழ்வுகளே. ஒன்றுமே நிகழாத நாட்களின் பதிவுகளும், கருவி பழுதுபட்ட நாட்களின் பதிவேடுகளும் அச்சுக்கு வருவதில்லை. வரலாற்றாளருக்கு வேண்டியது பெரும்பாலும் அவைதான்.

பயாஸ்

சில எந்திரங்களுக்கு விளையாட்டுக் கோப்பு மட்டும் போதாது. பிளேஸ்டேஷனுக்குள் 512 கிலோபைட் அளவில் ஒரு தொடக்க நிரல் இருந்தது. விளையாட்டுத் தட்டுகள் எல்லாம் அது இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. தட்டை எத்தனை கவனமாகப் படியெடுத்தாலும் அந்த நிரல் இல்லாவிட்டால் திரை கருப்பாகவே இருக்கும். அது எந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் உடைமை என்பதால் எமுலேட்டர்கள் அதைத் தம்முடன் சேர்த்து வழங்குவதில்லை. சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழியைத் திறந்தது. பயாஸின் செயலைப் புரிந்துகொள்வதற்காக இடையில் அதைப் படியெடுத்துப் பார்த்து, பின்னர் தாமே வேறு நிரல் எழுதுவது நியாயமான பயன்பாடு என்றது.

இதைவிடக் கடினமானது கேப்காம் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 பலகை. அதன் விளையாட்டு நிரல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி, ஒரு மின்கலத்தின் தயவில் உயிர்வாழும் நினைவகத்தில் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும். சில்லுகள் எல்லாம் பழுதின்றி இருந்தும் பலகை செத்துவிடும். சேகரிப்பாளர்கள் அதைத் தற்கொலை மின்கலம் என்றே அழைத்தனர். 2001-இன் தொடக்கத்தில்தான் ஆர்வலர் குழு ஒன்று உயிரோடிருந்த பலகைகளிலிருந்து நிரலைத் திறந்த நிலையில் படியெடுக்கும் வழியைக் கண்டது. மறையாக்க முறை முழுமையாக விளங்கியது 2007-இல். நிபந்தனை ஒன்றுதான்: பலகை உயிரோடிருக்கும்போதே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

தங்கவயலின் ஆய்வகத்துக்குப் பயாஸாக இருந்தது அதைச் சூழ்ந்த பாறை. காஸ்மிக் கதிர் இயற்பியலில் ‘கோலார் பாறை’ என்பதே ஒரு கலைச்சொல். கணக்கீடுகளுக்காக வகுத்துக்கொண்ட ‘திட்டப் பாறை’யின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், கோலார் பாறையினது 3 கிராமுக்குச் சற்று மேல். வேதியியல் சேர்க்கையும் வேறு. எனவே கோலாரில் அளந்த ஆழத்தை வேறொரு சுரங்கத்தின் அளவோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். கோலார் குழு தன் பாறையின் இயல்புகளை அளந்து எழுதிவைத்ததால் அந்த மாற்றம் இன்றும் இயலும். கருவி இல்லை, குகை இல்லை, அங்கே போக வழியும் இல்லை. ஆனால் பாறையின் எண்கள் இருக்கின்றன. உரிமையாளரிடம் கேட்காமலே மறுபடி எழுதிக்கொள்ளக்கூடிய பயாஸ் அது.

சாவியைக் காத்த மின்கலம் எது என்ற கேள்விக்கும் இங்கே விடை உண்டு. ஆய்வகம் தன் காலில் நின்ற நிறுவனம் அன்று. ஆட்களையும் இரும்பையும் இறக்கிய கூண்டு, மேலிருந்து செலுத்திய காற்று, ஊறும் நீரை இறைத்த பம்பு, அவற்றை ஓட்டிய மின்சாரம் எல்லாமே சுரங்கத்துடையவை. தங்கத்தின் கணக்கில் நட்டம் கூடியபோது நியூட்ரினோவின் கணக்கும் முடிந்தது. பம்பு நின்ற நாள்தான் அந்தப் பலகையில் மின்கலம் தீர்ந்த நாள்.

கோர்

எமுலேஷன் என்ற தொழில்நுட்பம் விளையாட்டு ஆர்வத்தில் பிறந்ததன்று. ஐபிஎம் 1964-இல் சிஸ்டம்/360 குடும்பத்தை அறிவித்தபோது, பழைய 1401 எந்திரத்துக்காக எழுதிய நிரல்களை வாடிக்கையாளர்கள் தூக்கியெறிய வேண்டாமென்று புதிய எந்திரத்துக்குள்ளேயே பழையதன் நடத்தையை நிகழ்த்தும் ஏற்பாட்டைச் செய்தது. பழைய தரவுக்கு இன்னும் பயன் இருந்ததால்தான் பழைய எந்திரம் மறுபடி வேண்டியிருந்தது. விளையாட்டுலகின் கோர்களும் அதே வேலையைச் செய்கின்றன. ஒரே ரோம் கோப்பை ரெட்ரோஆர்ச்சில் வெவ்வேறு கோர்களில் ஓடவிட்டால் ஒன்று வேகமாகவும் மற்றொன்று துல்லியமாகவும் ஓடும். தரவு மாறாது; அதைப் பொருள்கொள்ளும் முறை மாறும்.

கோலாரின் தரவு இப்படிப் புதிய கோரில் ஓடிய தருணம் ஒன்று உண்டு. 1975-இல் அந்தக் குழு விளங்காத சில நிகழ்வுகளை வெளியிட்டது. பல தடங்கள் பாறைக்குள் இல்லாமல், பாறைச்சுவரைவிட்டு வெளியே காற்றிலோ கருவியின் மெல்லிய பகுதியிலோ ஒரு புள்ளியில் சந்திப்பதாக அவை தோன்றின. அறியாத துகள் ஒன்று பாறையில் பிறந்து, சற்றுத் தொலைவு வந்து சிதைவதாக அவற்றை விளக்கலாம். ‘கோலார் நிகழ்வுகள்’ என்று பெயர்பெற்ற இவற்றை ஐரோப்பிய, அமெரிக்கத் துகள்முடுக்கிகளில் தேடியபோது கிடைக்கவில்லை. கேள்வி அப்படியே கிடந்தது. 2014-இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் அதே நிகழ்வுகளை மறுபடி எடுத்து, அவை இருண்ட பொருளின் சிதைவாக இருக்கக்கூடுமா என்று கேட்டனர். 1975-இல் அந்தத் தடங்களை இருண்ட பொருளோடு இணைத்துப் படிக்கும் கோர் இல்லை, பின்னர் வந்தது. நாற்பது ஆண்டுக்கால இடைவெளியில் தரவு கெடாமல் இருந்தால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

விடை சொல்ல வேறொரு குகை வேண்டும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமையவிருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலை, காடு, நீர் ஆகியவற்றைக் குறித்த அச்சத்தால் எதிர்ப்பு வலுத்தது. 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. கோலாரின் குகை ஏற்கெனவே தோண்டப்பட்டிருந்தது. அதற்கான விலையைச் சுரங்கத் தொழிலாளர்கள் முன்பே கொடுத்திருந்தனர். தேனியில் அந்த விலை இனிமேல்தான் கொடுக்கப்பட வேண்டியிருந்தது, அதை யார் கொடுப்பது என்று ஊரார் கேட்டனர். இழந்த எந்திரத்தை வேறிடத்தில் மறுபடி கட்டுவது எளிதில்லை என்பதை இந்த ஒப்பீடே காட்டும்.

நிரலே இல்லாத எந்திரம்

எமுலேஷன் வரலாற்றில் இந்த நான்கு கேள்விகளுக்கும் அடங்காத எந்திரங்கள் சில உண்டு. 1972-இல் ஆலன் அல்கார்ன் அட்டாரி நிறுவனத்துக்காக வடிவமைத்த பாங் விளையாட்டில் நுண்செயலி இல்லை, நிரல் இல்லை, படியெடுக்க ரோமும் இல்லை. மின்சுற்றின் இணைப்புகளே அதன் விளையாட்டு. அதை மறுபடி இயக்க வேண்டுமானால் சுற்றின் ஒவ்வொரு உறுப்பையும் வரைபடத்தைப் பார்த்து நிரலில் கட்ட வேண்டும். மேம் பின்னாளில் அதைத்தான் செய்தது. 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் நிரல் இருந்தது. ஆனால் அதன் ஓசை தனி மின்சுற்றுகளிலிருந்து பிறந்தது. நிரலைப் படியெடுத்தவர்களுக்கு ஓசை கிடைக்கவில்லை. அதனால் நெடுங்காலம் உண்மையான எந்திரத்தின் அருகே ஒலிப்பதிவு செய்த துணுக்குகளைக் கொண்டே அந்த இடத்தை நிரப்பினர்.

தங்கவயலில் பதிவாகாமற்போன பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. ஆய்வகத்தின் கட்டுரைகளில் இயற்பியலாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களையும் அவர்களின் கருவிகளையும் 2.3 கிலோமீட்டர் இறக்கி ஏற்றியவர்கள், மணியொலிக் குறிகளைக் கேட்டுக் கூண்டை இயக்கியவர்கள், குகையை வெட்டி முட்டுக் கொடுத்தவர்கள், பாறை எழுப்பும் ஓசையிலிருந்து ஆபத்தை உணர்ந்தவர்கள் ஆகியோரின் அறிவு எந்தக் கோப்பிலும் நிரலாகப் பதியவில்லை. அது உடலிலும் பழக்கத்திலும் பேச்சிலும் இருந்தது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்களின் பேச்சு அது. கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழில், இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் கொண்டுவந்த ஆங்கிலத் தொழிற்சொற்களும் சேர்ந்து உருவான சொற்றொகுதி அதற்குண்டு. பாறைவெடிப்பில் இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சுரங்க அறிக்கைகள் தரும். வெடிப்பதற்கு முன் பாறை எப்படி ஒலித்தது என்பதை அவை தருவதில்லை. சிலிகோசிஸ் நோயை மருத்துவப் பதிவேடு சொல்லும். துளைபோடும் இடத்தில் எப்போது நிற்கலாம், எப்போது விலக வேண்டும் என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாது.

பாங் எந்திரத்துக்கு வரைபடம் மிஞ்சியிருந்தது. ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு ஓடும் எந்திரங்கள் மிஞ்சியிருந்தன. ஒலியைப் பதிவுசெய்ய நேரம் இருந்தது. தங்கவயலில் மிஞ்சியிருப்பது மனிதர்கள். 1965-இல் இருபத்தைந்து வயதில் சாம்பியன் ரீஃப் கூண்டில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். மூடும் நாளில் முப்பது வயதாக இருந்தவர் ஐம்பதைக் கடந்துவிட்டார். வேலைக்காகப் பெங்களூருக்கு அன்றாடம் ரயிலேறும் தலைமுறையின் தந்தை அவர். மின்கலம் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்கிட இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

பட்டியலை எழுதும் முறை

நான்கு கேள்விகளின் முடிவில் கோலார் ஆய்வகத்தைப் பற்றிய கணக்கு இப்படி அமைகிறது. பட்டியலில் அது மறைந்திருக்கிறது. இதைச் சரிசெய்யப் பாடநூலில் ஒரு பத்தி போதும். கோப்பு பகுதியளவில் இருக்கிறது. பயாஸின் முக்கிய எண்கள் இருக்கின்றன. கோர் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது, இன்னொரு முறையும் புதுப்பிக்கப்படலாம். சுற்றைத் தாங்கிய மனித அறிவு பெரும்பாலும் படியெடுக்கப்படவில்லை. ‘எல்லாம் போய்விட்டது’ என்ற பொதுவான இரங்கலும், ‘முக்கியமானவை எல்லாம் கட்டுரைகளில் இருக்கின்றன’ என்ற பொதுவான ஆறுதலும் இந்த வேறுபாட்டைப் பார்க்க விடுவதில்லை.

இளம் ஆய்வாளர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நடைமுறை ஒன்று உண்டு. தங்கவயலைப் பற்றியோ, மூடப்பட்ட எந்த ஆலை, ஆய்வகம், பணிமனையைப் பற்றியோ எழுதும்போது, கிடைத்த ஆவணங்களின் பட்டியலோடு, இருந்திருக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலையும் சேர்க்கலாம். கூண்டு இயக்கியவரின் நாட்குறிப்பேடு, ஆய்வகத்தின் பழுதுப் பதிவேடு, கருவியை இறக்கிய நாட்களின் வேலைச்சீட்டு, அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘படி கிடைக்கவில்லை’ என்று எழுதலாம். காலியிடத்தில் பெயர் எழுதப்பட்டிருந்தால்தான், ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு வீட்டுப் பரணில் பழைய ஏடு ஒன்று கண்ணில் படும்போது, அது எதன் விடுபட்ட பகுதி என்று யாருக்காவது தெரியும்.